குறொஸ் முறையில் கட்டிய நேட்டிவ் கொம்பைலர் பலகையில் விழுகிறதா? எந்த வழியால் போவது

மடிக்கணினியில் குறொஸ் கொம்பைலரைக் (ஒரு கணினியில் ஓடி வேறு வகைச் செயலிக்கு நிரல் ஆக்குவது) கொண்டு, ஜிசிசி கொம்பைலரின் நேட்டிவ் வடிவம் ஒன்றைக் (பலகையிலேயே ஓடிப் பலகைக்கே நிரல் ஆக்குவது) கட்டி, ரிஸ்க்-ஃபைவ் வகைச் செயலியுள்ள பலகைக்கு ஏற்றியாயிற்று. பதிப்பு எண்ணைக் கேட்டால் ஒழுங்காகச் சொல்கிறது. பத்து வரி சி கோப்பைக் கொடுத்ததும் ‘இல்லீகல் இன்ஸ்ட்ரக்‌ஷன்’ என்று விழுந்துவிடுகிறது. யாழ்ப்பாணத்தில் இந்த வேலையில் இறங்கும் ஒருவரிடம் பெரும்பாலும் இருப்பது ஒரு பலகை, எட்டு ஜிகாபைட் நினைவகமுள்ள மடிக்கணினி, அளந்து பாவிக்க வேண்டிய கைபேசி டேட்டா. பலகை பழுதானால் அடுத்தது பார்சலில் வந்து சுங்கம் தாண்டும்வரை காத்திருக்க வேண்டும். ஆகவே எங்கே மினக்கெடுவது என்பதை முதலே தீர்மானித்துக்கொள்வது நல்லது.

வழிகள் ஐந்து. பலகையிலேயே டிபக்கரை வைத்துத் தேடலாம். மடிக்கணினியில் அமைப்பைத் திருத்தி மறுபடி குறொஸாகக் கட்டலாம். க்யூஇமு என்ற எமுலேட்டருக்குள் ஒரு ரிஸ்க்-ஃபைவ் சூழலை எழுப்பி அதற்குள் கட்டலாம். டெபியன் லினக்ஸ் தரும் ஆயத்தக் கொம்பைலரை விதையாக வைத்துப் பலகையிலேயே கட்டலாம். அல்லது நேட்டிவ் எண்ணத்தை விட்டுவிட்டுக் குறொஸோடேயே வேலை செய்யலாம்.

இவற்றை ஒப்பிட நாங்கள் பிடிக்கும் அளவுகோல் ஒன்றுதான்: எந்த வழி உங்களைப் பலகையில் நடக்கும் மூன்று கட்டக் கட்டலுக்குக் கெதியாகக் கொண்டுபோகிறது? ஒரு கணினியில் ஜிசிசியை அதிலேயே கட்டும்போது, ஏற்கெனவே உள்ள கொம்பைலர் புதியதைக் கட்டுகிறது. அந்தப் புதியது தன் மூலநிரலைத் தானே கட்டுகிறது. அப்படிப் பிறந்தது இன்னொரு முறை கட்டுகிறது. இரண்டாம், மூன்றாம் கட்ட ஒப்ஜெக்ட் கோப்புகள் ஒத்துப்போகாவிட்டால் ‘பூட்ஸ்ட்ராப் கம்பாரிசன் ஃபெயிலியர்’ என்று வேலை நின்றுவிடும். பில்ட் (கட்டும் கணினி) வேறாகவும் ஹோஸ்ட்டும் (கொம்பைலர் ஓடும் கணினி) டார்கெட்டும் (அது நிரல் ஆக்கும் கணினி) ஒன்றாகவும் இருக்கும் குறொஸ் கட்டலில் இந்தச் சோதனை நடப்பதே இல்லை. கொம்பைலர் ஒரே தடவைதான் கட்டப்படுகிறது. கட்டிய பைனரியை மடிக்கணினியால் ஓட்டிப் பார்க்கவும் முடியாது. குறொஸ் கொம்பைலரில் ஒரு பிழை இருந்தால் அது அப்படியே நேட்டிவ் கொம்பைலரின் உடலுக்குள் போய்விடும். அதை யாரும் அந்த நேரம் பார்ப்பதில்லை.

முதலில், என்ன வகைப் பிழை

வழியைத் தெரிவதற்கு முன் அரை மணிநேரம் ஒதுக்கிப் பிழையை வகைப்படுத்துங்கள். ஜிசிசி என்ற கட்டளை ஒரு டிரைவர் மட்டுமே. உண்மையான வேலையைச் செய்வது சி நிரலை அசெம்பிளியாக மாற்றும் சிசி1, அதன் பிறகு அசெம்பிளர், கடைசியில் லிங்கர். பதிப்பு எண்ணைச் சொல்வது டிரைவர்தான் என்பதால், அது சரியாக வந்தது எதையும் நிரூபிக்காது. ‘-வி’ போட்டு ஓட்டினால் எந்தப் படியில் விழுகிறது என்று தெரியும். ‘-இ’, ‘-எஸ்’, ‘-சி’ என்று படிப்படியாகப் பிரித்தும் பார்க்கலாம்.

தொடங்கவே முடியாத பிழைகள் ஒரு கூட்டம். சிசி1 இல்லை என்று வந்தால் ‘-பிரின்ட்-ப்ரொக்-நேம்=சிசி1’ என்று கேளுங்கள். முழுப் பாதை வந்தால் டிரைவர் அதைக் கண்டுபிடித்துவிட்டது. வெறும் ‘சிசி1’ என்று வந்தால் கண்டுபிடிக்கவில்லை. அநேகமாக பின், லிப் இரண்டையும் ஏற்றிவிட்டு லிப்எக்ஸெக்கை விட்டிருப்பீர்கள். கோப்பு கண்ணுக்கு முன்னால் இருந்தும் ‘நோ சச் ஃபைல்’ என்றால், இல்லாதது அந்தக் கோப்பு அல்ல, அது கேட்கும் லோடர் (நிரலை நினைவகத்தில் ஏற்றித் தொடக்குவது). ‘ரீட்எல்ஃப் -எல்’ போட்டால் லோடரின் பெயர் தெரியும்: சி லைபிரரி ஜிலிப்சி என்றால் ‘/லிப்/எல்டி-லினக்ஸ்-ரிஸ்க்வி64-எல்பி64டி.எஸ்ஓ.1’, மசல் என்றால் ‘/லிப்/எல்டி-மசல்-ரிஸ்க்வி64.எஸ்ஓ.1’. மசல் சூழலுள்ள பலகையில் ஜிலிப்சி பைனரியை ஏற்றினால் இந்தப் பிழைதான் வரும். ‘ஜிலிப்சி_2.38 நொட் ஃபவுண்ட்’ என்ற மாதிரி ஒரு வரி வந்தால், மடிக்கணினியில் பாவித்த சிஸ்ரூட் (டார்கெட்டின் ஹெடர், லைபிரரி கோப்புகள் உள்ள போல்டர்) பலகையில் உள்ளதைவிடப் புதியது. பலகையின் சிஸ்ரூட்டை ஆர்சிங்கால் இறக்கி அதன்மேல் கட்டினால் தீரும்.

இந்தக் கூட்டத்தில் அதிகம் ஆளை அலைக்கழிப்பது ‘--வித்-சிஸ்ரூட்’. குறொஸ் கொம்பைலருக்குக் கொடுத்த அதே அமைப்பை நேட்டிவ்வுக்கும் கொடுத்தால், மடிக்கணினியின் ஹோம் போல்டர் பாதை கொம்பைலருக்குள் பதிந்துவிடும். பலகையில் அப்படியொரு போல்டர் இருக்காது; ‘எஸ்டிடிஐஓ.எச்’ கிடைக்கவில்லை என்று வரும். கட்டும்போது மட்டும் தேவைப்படும் பாதைக்கு ‘--வித்-பில்ட்-சிஸ்ரூட்’ என்பதைப் பாவிக்க வேண்டும். பதிந்திருக்கிறதா என்று ‘-பிரின்ட்-சிஸ்ரூட்’ காட்டும். ‘சிஆர்டி1.ஓ’ கிடைக்கவில்லை என்றால் காரணம் வேறு. ரிஸ்க்-ஃபைவ் ஜிசிசி தன் இயல்பில் ‘லிப்64/எல்பி64டி’ போல்டரைத் தேடும். டெபியன் அந்தக் கோப்பை வைப்பது ‘/யூஎஸ்ஆர்/லிப்/ரிஸ்க்வி64-லினக்ஸ்-க்னூ’ போல்டரில். ‘--எனேபிள்-மல்ட்டிஆர்ச்’ கொடுத்துக் கட்டினால் சரி.

இவை எதற்கும் டிபக்கர் வேண்டாம். நேரே இரண்டாம் வழிக்குப் போகலாம்.

அடுத்தது, விழுகிறது ஆனால் ஒவ்வொரு தடவையும் ஒரே இடத்தில் விழுகிறதா என்ற கேள்வி. அதே கட்டளையை ஐந்து தடவை ஓட்டுங்கள். இடம் மாறிக்கொண்டே இருந்தால் கொம்பைலரைத் திறந்து பார்க்க வேண்டாம், பலகையைப் பாருங்கள். சில லினக்ஸ் வெளியீடுகளின் ஜிசிசி தானே மறுபடி முயன்று பார்த்து, ‘இந்தப் பிழை திரும்ப வரவில்லை, வன்பொருள் அல்லது இயக்கமுறைமைக் கோளாறாக இருக்கலாம்’ என்ற கருத்தில் ஒரு வரி எழுதும். அந்த வரியை நம்பலாம். சித்திரை, வைகாசி மத்தியானத்தில் மின்விசிறி இல்லாத பலகை நான்கு உள்ளகங்களையும் முழு வேகத்தில் மணிக்கணக்காக ஓட்டும்போது சூடு எவ்வளவு என்பதை ‘/சிஸ்/கிளாஸ்/தேர்மல்’ போல்டரில் பார்க்கலாம். அங்கே 75000 என்று இருந்தால் 75 பாகை செல்சியஸ். மின்சாரமும் காரணமாகலாம். விஷன்ஃபைவ் 2 போன்ற பலகைக்கு 5 வோல்ட், 3 அம்பியர் ஒழுங்காக வேண்டும். றவுட்டருக்கு என்று விற்கும் சிறிய யூபிஎஸ்ஸின் 5 வோல்ட் வாயில் 2 அம்பியர் என்று எழுதியிருந்தால், என்விஎம்ஈ வட்டும் பூட்டிய பலகைக்கு அது போதாது. பவர் பாங்கில் ஓட்டுகிறவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும்: கரண்ட் நின்று வரும் கணத்தில் சில பவர் பாங்குகள் வெளியீட்டை ஒருமுறை துண்டித்துவிட்டுத்தான் தொடரும்.

‘கில்ட்’ என்று மட்டும் சொல்லி, சி++க்கான சிசி1பிளஸ் நின்றால் அது நினைவகப் பற்றாக்குறை. கர்னல் பதிவில் அதற்கான வரி இருக்கும். ஒரே நேரத்தில் ஓடும் வேலைகளைக் குறையுங்கள். சி++ மூலநிரலுக்கு வேலை ஒன்றுக்கு ஒன்றரை ஜிகாபைட் என்று கணக்கு வைத்தால் பாதுகாப்பு.

பலகையிலேயே தேடுவது

ஒரே இடத்தில், ஒரே மாதிரி விழும் பிழைக்கு இதுதான் மிகக் கெதியான வழி. டிரைவருக்கு ‘-ராப்பர் ஜிடிபி,--ஆர்க்ஸ்’ என்று கொடுத்தால் சிசி1 நேரடியாக ஜிடிபி என்ற டிபக்கருக்குள் தொடங்கும். நீளமான உள்கட்டளையைக் கையால் தட்டத் தேவையில்லை. விழுந்ததும் ‘எக்ஸ்/ஐ $பிசி’ போட்டு எந்தக் கட்டளையில் நிற்கிறது என்று பாருங்கள். ஜிடிபி இல்லாத பலகை என்றால் கர்னல் பதிவே பாதி வேலையைச் செய்யும். ‘அன்ஹேண்டில்ட் சிக்னல்’ என்ற வரிக்குக் கீழே ‘கோஸ்’ என்று ஓர் எண் இருக்கும். 2 என்றால் செயலிக்குத் தெரியாத கட்டளை. 4, 6 என்றால் ஒழுங்கு பிசகிய முகவரியில் வாசிப்பு அல்லது எழுத்து. 13, 15 என்றால் இல்லாத நினைவகப் பக்கத்தைத் தொட்டது.

தெரியாத கட்டளை வரும் விதம் ஒன்றை வடிவாகப் பார்ப்போம். விஷன்ஃபைவ் 2இல் உள்ள ஜேஎச்7110 சிப்பில் நான்கு யூ74 உள்ளகங்கள். அடிப்படை ஆர்வி64ஜிசி (பொதுவான 64 பிட் கட்டளைத் தொகுதி), அதன்மேல் ஸெட்பிஏ, ஸெட்பிபி என்ற பிட் விரிவுகள் உண்டு. ஸெட்பிஎஸ் இல்லை, வெக்டரும் இல்லை. ஆர்விஏ22 சுயவிவரம் (செயலியில் இருக்கவேண்டிய விரிவுகளின் பட்டியல்) இந்த மூன்று பிட் விரிவுகளையும் கேட்கிறது. அந்த அளவுக்கு அமைத்த குறொஸ் கொம்பைலரால் கட்டிய பைனரி பலகையில் தொடங்கும், சிறிது தூரம் ஓடும், ஸெட்பிபி கட்டளைகளை எல்லாம் தாண்டும். ஒரு சொல்லில் ஒற்றை பிட்டைச் சோதிக்கும் ‘பிஎக்ஸ்ட்’ கட்டளை வந்ததும் விழும். ஜிசிசியின் உள்ளே பிட்மேப்கள் நிறைந்து கிடப்பதால் அந்த இடம் கெதியாக வந்துவிடும். டிரைவர் ஓடும், உதவிப் பக்கம் வரும், கோப்பு ஒன்றைக் கொடுத்தால் சாகும் என்ற தோற்றம் இப்படித்தான் உண்டாகிறது.

அடுத்த படி, அந்தக் கட்டளை எங்கிருந்து உள்ளே வந்தது என்பது. ‘ரீட்எல்ஃப் -ஏ’ போட்டால் பைனரி எந்த விரிவுகளைப் பாவிக்கிறது என்ற சரம் வரும். ஆனால் லிங்கர் எல்லா ஒப்ஜெக்ட் கோப்புகளின் சரங்களையும் ஒன்றாகச் சேர்த்துவிடும். ஒரேயொரு கோப்பு வெக்டரோடு கட்டப்பட்டிருந்தாலும் முழு சிசி1உம் வெக்டர் கேட்பதுபோலக் காட்டும். அதனால் ஜிசிசி பாவிக்கும் கணித லைபிரரிகளான ஜிஎம்பி, எம்பிஎஃப்ஆர், எம்பிசி ஆகியவற்றின் ‘.ஏ’ கோப்புகளிலும் தனித்தனியே அதே கட்டளையை ஓட்டுங்கள். பழைய ‘சிஃப்ளாக்ஸ்’ மாறி ஒன்று டெர்மினலில் கிடந்து ஜிஎம்பிக்குள் மட்டும் புகுந்திருப்பது அடிக்கடி நடக்கிறது.

சி906 உள்ளகமுள்ள சிறிய பலகைகளில் இன்னும் கவனம் வேண்டும். அவற்றில் இருப்பது உறுதிப்படுத்தப்படாத 0.7.1 வெக்டர். 1.0க்காக எழுதிய நிரல் அங்கே எப்போதும் சுத்தமாக விழும் என்றில்லை. சில கட்டளைகளின் குறியீடு ஒன்றாக இருந்து நடத்தை வேறாக இருக்கும். விழாமல் தவறான விடை தருவது விழுவதைவிட மோசம்.

இந்த வழியின் எல்லை எது? காரணம் ஒற்றைக் கட்டளையாக இருக்கும்வரை இது சிறந்தது. சுட்டி ஒன்று எங்கேயோ கெட்டு, வேறெங்கோ விழும் வகைக்குப் பலகையில் ஜிடிபியோடு இருப்பது பெரிய நேரவிரயம். பிழைதிருத்தத் தகவலோடு கட்டிய சிசி1 நூற்றுக்கணக்கான மெகாபைட். அதைப் பலகையில் ஏற்றி அடையாளங்களை வாசிக்கவே நேரம் போகும். பலகையில் ஜிடிபிசேர்வரை மட்டும் ஓட்டி, மடிக்கணினியிலிருந்து ஜிடிபி-மல்ட்டிஆர்ச்சால் இணைவது மேல்.

மடிக்கணினியில் மறுபடி கட்டுவது

அமைப்புப் பிழை என்று தெரிந்தால் வேறு வழி தேட வேண்டாம், இதுதான். ‘--பில்ட்=எக்ஸ்86_64-லினக்ஸ்-க்னூ’, ‘--ஹோஸ்ட்’, ‘--டார்கெட்’ இரண்டுக்கும் ‘ரிஸ்க்வி64-லினக்ஸ்-க்னூ’, ‘--வித்-ஆர்ச்=ஆர்வி64ஜிசி’, ‘--வித்-ஏபிஐ=எல்பி64டி’, ‘--டிசேபிள்-மல்ட்டிலிப்’. மொழி சி, சி++ மட்டும் போதும்.

குறொஸ் கொம்பைலரும் கட்டப்படும் நேட்டிவ் கொம்பைலரும் ஒரே பதிப்பாக இருக்க வேண்டும். லிப்ஜிசிசி, லிப்எஸ்டிடிசி++ போன்ற டார்கெட் லைபிரரிகளைக் கட்டவேண்டிய புதிய கொம்பைலர் மடிக்கணினியில் ஓடாது என்பதால், அந்த வேலை குறொஸ் கொம்பைலரிடம் போகிறது. பதிப்பு வேறானால், ஒன்றுக்கொன்று பொருந்தாத லைபிரரியும் கொம்பைலரும் ஒரே போல்டரில் கிடக்கும். அசெம்பிளரும் லிங்கரும் வரும் பைன்யூட்டில்ஸ் தொகுதியின் பதிப்பும் முக்கியம். 2.38இலிருந்து ஸெட்ஐசிஎஸ்ஆர், ஸெட்ஐஃபென்ஸிஐ இரண்டும் அடிப்படை ‘ஐ’ தொகுதிக்கு வெளியே தனியாகக் கணக்கிடப்படுகின்றன. ‘சிஎஸ்ஆர்ஆர்’ அல்லது ‘ஃபென்ஸ்.ஐ’ தெரியாத கட்டளை என்று அசெம்பிளர் சொன்னால், புதிய அசெம்பிளரும் பழைய ஆர்ச் சரமும் மோதுகின்றன. ‘ஆர்வி64ஜிசி’ ஏற்கெனவே இரண்டையும் உள்ளடக்கும். ‘ஆர்வி64ஐஎம்ஏசி’ மாதிரி எழுத்தெழுத்தாக எழுதியவர்கள் ‘_ஸெட்ஐசிஎஸ்ஆர்_ஸெட்ஐஃபென்ஸிஐ’ என்று பின்னால் சேர்க்க வேண்டும்.

காரணம் தெரியாத செக்மென்டேஷன் ஃபோல்ட்டுக்கு இரண்டு கட்டல்கள் செய்து பாருங்கள். ஒன்று ‘--எனேபிள்-செக்கிங்=யெஸ்’. கொம்பைலர் தன் உள்தரவுகளைத் தானே சோதித்துக்கொண்டு ஓடும். எங்கோ பின்னால் சுட்டி கெட்டு விழுவதற்குப் பதிலாக, கெட்ட இடத்துக்குப் பக்கத்திலேயே உள்பிழை என்று நிற்கும். மற்றது மேம்படுத்தல் இல்லாத ‘-ஓ0’. அதில் பிழை மறைந்தால், குறொஸ் கொம்பைலர் ‘-ஓ2’இல் ஏதோ ஒரு கோப்பைத் தவறாக மொழிபெயர்க்கிறது. ‘-ஓ0’ ஒப்ஜெக்ட்களில் பாதியையும் ‘-ஓ2’ ஒப்ஜெக்ட்களில் பாதியையும் கலந்து லிங்க் செய்து, பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டு போனால், சில நூறு கோப்புகளிலிருந்து குற்றவாளிக் கோப்புக்கு ஒன்பது பத்துப் படிகளில் வந்துவிடலாம்.

ஜிஎம்பியை மறக்கக் கூடாது. கொம்பைலர் பிழையால் கெட்டுப்போகும் நிரல் என்று அதன் ஆக்கியோரே எச்சரிக்கும் லைபிரரி அது. ஜிசிசி சில மாறிலிகளைக் கணக்கிட அதையே நம்புகிறது. அதன் ‘மேக் செக்’கைப் பலகையில் ஓட்டுங்கள். அதில் தோல்வி வந்தால் ‘--டிசேபிள்-அசெம்பிளி’ கொடுத்துக் கட்டி மறுபடி பாருங்கள்.

கட்டல் சரி, விழவும் இல்லை, ஆனால் நம்பலாமா? குறொஸ் கொம்பைலர் கையில் இருப்பதால் இங்கே ஒரு நல்ல சோதனை கிடைக்கிறது. ஒரே பதிப்பு, ஒரே டார்கெட், ஒரே ஆர்ச் அமைப்பு. ஆகவே ஒரே முன்செயலாக்கிய ‘.ஐ’ கோப்பை இரண்டுக்கும் கொடுத்தால் இரண்டும் எழுத்துப் பிசகாமல் ஒரே அசெம்பிளியைத் தர வேண்டும். எஸ்கியூலைட்டின் ஒற்றைக் கோப்பு மூலநிரல் இரண்டு லட்சம் வரிகளுக்கு மேல். அது ஒன்றே நல்ல தீனி. மடிக்கணினியில் ‘-இ’ போட்டு ‘.ஐ’ ஆக்கி, அதையே பலகைக்கும் அனுப்பி, இரண்டிலும் ‘-ஓ2 -எஸ்’ ஓட்டி டிஃப் எடுங்கள். ஒரு வரி வேறுபட்டாலும் நேட்டிவ் சிசி1 எங்கேயோ தவறாகக் கணக்கிடுகிறது. எந்தப் படியில் என்று காண ‘-ஃப்டம்ப்-ட்ரீ-ஓல்’, ‘-ஃப்டம்ப்-ஆர்டிஎல்-ஓல்’, கூடவே முகவரிகளை மறைக்க ‘-ஃப்டம்ப்-நோஅட்டர்’ தெரிவும் கொடுத்து இரு பக்கமும் டம்ப் எடுத்து, எண் வரிசையில் முதல் வேறுபடும் கோப்பைப் பாருங்கள். கோப்பின் பெயரிலேயே பாஸின் (கொம்பைலரின் உள்படி ஒன்று) பெயர் இருக்கும். அந்தப் பாஸின் மூலக்கோப்பிலிருந்து தேடலைத் தொடங்கினால் பாதி பாதியாகப் பிரிக்கும் வேலையும் குறையும். பொதுவாக யாரும் செய்யாத சோதனை இது; செய்தால் ஒரு மாலைப் பொழுதில் முடிந்துவிடும்.

க்யூஇமுவுக்குள்

பலகை இன்னும் வந்து சேரவில்லை என்றால் இது நல்ல தொடக்கம். வேற்றுச் செயலிப் பைனரிகளை எமுலேட்டரிடம் கொடுக்கும் கர்னல் வசதியான பின்எஃப்எம்டி_மிஸ்கில் ‘எஃப்’ கொடியோடு க்யூஇமு பதிந்திருந்தால், குரூட்டுக்குள் (ஒரு போல்டரையே முழு அமைப்பின் வேராகக் காட்டும் சூழல்) ரிஸ்க்-ஃபைவ் பைனரிகள் தாமாக ஓடும். ‘-ஜி 1234’ கொடுத்தால் ஜிடிபி இணையும் வாயிலும் திறக்கும். பலகையில் மினக்கெடுவதைவிட இதில் தேடுவது சுகம். வேகத்தில் பெரிய ஆதாயம் எதிர்பார்க்க வேண்டாம்.

ஆனால் க்யூஇமுவில் ஓடியது என்பது பலகையில் ஓடும் என்பதற்குச் சாட்சி ஆகாது. செயலியைப் பெயர் சொல்லிக் குறிப்பிடாவிட்டால், உங்கள் சிப்பில் இல்லாத விரிவுகளும் திறந்திருக்கலாம். ‘பிஎக்ஸ்ட்’ அங்கே சந்தோஷமாக ஓடும். ‘-சிபியூ சைஃபைவ்-யூ54’ என்று கொடுத்தால் வெறும் ஆர்வி64ஜிசிக்கு இறங்கும். ஒழுங்கு பிசகிய முகவரி அணுகல் எக்ஸ்86இல் சத்தமில்லாமல் நடந்துவிடும். யூ74இல் அது ‘ட்ராப்’ ஆகி ஃபேர்ம்வெயாரால் சமாளிக்கப்படும், படு மெதுவாக. எக்ஸ்86இன் நினைவக ஒழுங்கு ரிஸ்க்-ஃபைவ் ஒழுங்கைவிட இறுக்கமானது என்பதால், திரெட்களுக்கிடையிலான பிழைகளும் மறைந்துவிடும். எனவே எமுலேட்டரை நாங்கள் தேடலுக்குப் பாவிப்போம், தீர்ப்புக்குப் பாவிக்க மாட்டோம்.

ஆயத்தக் கொம்பைலரை விதையாக வைப்பது

உங்கள் நோக்கம் பலகையில் நம்பத்தகுந்த, உங்களுக்கு வேண்டிய பதிப்பு ஜிசிசி ஒன்று இருக்கவேண்டும் என்பது மட்டுமானால், எங்கள் முதல் தெரிவு இதுவே. 2025 ஓகஸ்ட்டில் வந்த டெபியன் 13இலிருந்து ரிஸ்க்வி64 அதன் உத்தியோகபூர்வ கட்டமைப்புகளில் ஒன்று. அதன் அடிப்படை ஆர்வி64ஜிசி. ஆகவே யூ74 பலகைக்கு அப்படியே பொருந்தும். உபுண்டுவில் கவனம்: 25.10இலிருந்து அது ஆர்விஏ23 சுயவிவரத்தைக் கேட்கிறது. இன்று கைகளில் இருக்கும் பழைய பலகைகள் அதை ஓட்டா.

மடிக்கணினியில் ‘டெபூட்ஸ்ட்ராப் --ஃபொரின் --ஆர்ச்=ரிஸ்க்வி64 டிரிக்ஸி’ ஓட்டி வரும் போல்டரைப் பலகைக்கு மாற்றுங்கள். பலகையில் குரூட் செய்து ‘/டெபூட்ஸ்ட்ராப்/டெபூட்ஸ்ட்ராப் --செகண்ட்-ஸ்டேஜ்’. பலகைக்காரர் தந்த கர்னலை மாற்றத் தேவையில்லை. உள்ளே ஜி++, மேக், ஃப்ளெக்ஸ், லிப்ஜிஎம்பி-டெவ், லிப்எம்பிஎஃப்ஆர்-டெவ், லிப்எம்பிசி-டெவ் ஆகியவற்றை நிறுவுங்கள். ஜிஎம்பி சந்தேகமும் இதோடு போய்விடும். ஜிசிசி மூலநிரலை டார் கோப்பாக எடுங்கள். 90 மெகாபைட் அளவில் வரும். கிட் களஞ்சியத்தை முழுதாக இறக்கினால் ஒரு ஜிகாபைட்டைத் தாண்டும். கைபேசி டேட்டாவுக்குக் கட்டாது.

மூலநிரலுக்கு வெளியே தனிப் போல்டரில் கட்டுங்கள். 15 ஜிகாபைட் இடம் வேண்டும். எஸ்டி கார்ட்டில் வேண்டாம், என்விஎம்ஈயில். ‘பூட்_சிஃப்ளாக்ஸ்’ மாறிக்கு ‘-ஓ2 -ஜி0’ கொடுத்தால் இடமும் லிங்க் நேரத்து நினைவகமும் குறையும். ஜிசிசி 14ஐ அல்லது அதற்குப் பிந்தியதைத் தெரிந்தால் நல்லது: ரிஸ்க்-ஃபைவ் வெக்டர் வடிவங்களால் பெருத்துப்போன ‘இன்சன்-எமிட்’ கோப்பை 14இல் பத்தாகப் பிரித்தார்கள். அதற்கு முந்திய பதிப்பில் அந்த ஒற்றைக் கோப்பே நினைவகத்தை விழுங்கி, மற்ற உள்ளகங்களைச் சும்மா இருக்க வைக்கும். நான்கு ஜிகாபைட் பலகையில் ‘-ஜே2’, எட்டில் ‘-ஜே4’. பல மணிநேரம் எடுக்கும். இரவில் தொடக்கினால் சூடும் குறைவு.

நடுவில் கரண்ட் நின்றால், வந்தபின் ‘மேக்’கை உடனே தொடரக் கூடாது. நின்ற கணத்தில் எழுதப்பட்டுக்கொண்டிருந்த ஒப்ஜெக்ட் கோப்புகள் பூச்சியம் பைட்டாகக் கிடக்கலாம். நேரமுத்திரை புதிதாக இருப்பதால் மேக் அவற்றை முடிந்ததாக எடுத்துக்கொள்ளும். பிறகு லிங்கர் ‘ஃபைல் ஃபோர்மட் நொட் ரெகக்னைஸ்ட்’ என்று குழப்பும். ‘ஃபைண்ட்’ கட்டளையால் பூச்சிய அளவுள்ள ‘.ஓ’ கோப்புகளையும் கடைசிச் சில நிமிடங்களில் எழுதப்பட்டவற்றையும் அழித்துவிட்டுத் தொடருங்கள்.

ஒப்பீட்டில் தோற்றால் வேறுபடும் கோப்புகளின் பெயர்கள் வரும். ஒன்றிரண்டு மட்டும் என்றால், அந்த மூன்றாம் கட்ட ஒப்ஜெக்டை அழித்து மறுபடி கட்டுங்கள். இந்த முறை ஒத்துப்போனால் சூட்டையோ மின்சாரத்தையோ தேடுங்கள். அதே வேறுபாடு திரும்ப வந்தால் அது உண்மையான கொம்பைலர் பிழை, அறிக்கை எழுதத்தக்கது.

யாருக்கு எது

ஆர்வி64ஜிசி பலகை, நான்கு ஜிகாபைட்டுக்கு மேல் நினைவகம், நோக்கம் கொம்பைலரைப் பாவிப்பது: விதை வழி. குறொஸாகக் கட்டிய பைனரி ஏன் விழுந்தது என்று கண்டுபிடிக்க ஒரு நாளைக்கு மேல் செலவழிக்க வேண்டாம்.

நோக்கம் குறொஸ் கட்டல் முறையையே சரிசெய்வது என்றால், உதாரணமாகச் சொந்தமாக ஒரு லினக்ஸ் வெளியீட்டைப் பலகைக்குக் கொண்டுவருபவர்கள் அல்லது இறுதியாண்டுச் செயற்திட்டமாக இதை எடுத்த மாணவர்கள் என்றால், பலகையில் முதல் விழுகையின் கட்டளையைப் பார்த்து, மடிக்கணினியில் திருத்தி, அசெம்பிளி ஒப்பீட்டால் உறுதிசெய்யும் சேர்க்கைதான் சரி. க்யூஇமு அதற்குத் துணை மட்டும்.

பலகையே இல்லாதவர்களுக்கு ஜிசிசி கொம்பைல் ஃபாம் இருக்கிறது. சுதந்திர மென்பொருளில் வேலை செய்பவர்களுக்கு இலவசக் கணக்குத் தருகிறார்கள். ரிஸ்க்-ஃபைவ், பவர், ஸ்பார்க் இயந்திரங்கள் உண்டு. எஸ்எஸ்எச் அறுந்தாலும் வேலை தொடர டீமக்ஸுக்குள் ஓட்டுங்கள்.

பழைய மிப்ஸ் றவுட்டரை எடுத்துக்கொண்டவர்கள் விதை வழியில் டெபியன் 12ஓடு நிற்க வேண்டும். 13இல் மிப்ஸ்எல் இல்லை. எம்டி7621 போன்ற சிப்பில் மிதவைப்புள்ளி வன்பொருள் கிடையாது, டெபியனோ அதை எதிர்பார்த்துக் கட்டப்பட்டது. கர்னலில் மிதவைப்புள்ளி எமுலேட்டர் இயக்கப்பட்டிருந்தால்தான் ஓடும், அதுவும் மெதுவாக.

64 மெகாபைட் நினைவகத்தோடு வரும் மில்க்-வி டுவோ போன்றவற்றுக்கு நேட்டிவ் ஜிசிசி வேண்டாம். சிசி1பிளஸ் ஒரு நடுத்தரக் கோப்புக்கே அந்த நினைவகத்தைத் தாண்டும், மீதியெல்லாம் எஸ்டி கார்ட் ஸ்வொப்பில் அரைபடும். குறொஸாகக் கட்டி எஸ்எஸ்எச்சால் ஏற்றுங்கள். ‘--வித்-ஆர்ச்’ சரத்தில் வெக்டர் இல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். டேஜாக்னூ என்ற சோதனைக் கருவியைக் கொண்டு ஜிசிசியின் சோதனைத் தொகுதியை மடிக்கணினியிலிருந்து தொடக்கி, ஒவ்வொரு சோதனைப் பைனரியையும் பலகைக்கு அனுப்பி ஓட்டலாம். கொம்பைலர் பலகையில் இல்லாவிட்டாலும் அது உண்டாக்கும் நிரல் உண்மையான சிப்பில் பரீட்சிக்கப்படும்.